கோரைப் படகு ஏற வான்சாக்கோ போகிறவர்களுக்கு: விசா முதல் கரையேறுவது வரை

பதினாறு நாளில் முடித்திருக்க வேண்டிய பயணம் எனக்கு ஒன்பது மாதம் இழுத்தது. காரணம், என் பாஸ்போர்ட்டில் ஒட்டியிருந்த அமெரிக்க விசாவில் மீதமிருந்த நாட்களை நான் எண்ணிப் பார்க்காததுதான். அதற்குப் பிறகும் சின்னதும் பெரிதுமாக ஏழெட்டு இடங்களில் சறுக்கினேன். நீங்களும் அதே இடங்களில் சறுக்க வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

பெருவின் வடக்குக் கடற்கரையில், ட்ருஹீயோ நகரத்துக்குப் பக்கத்தில் வான்சாக்கோ என்று ஒரு மீனவ ஊர் இருக்கிறது. அங்கே இன்றும் சிலர் புல்லைக் கட்டிப் படகாக்கிப் பசிபிக் கடலில் மீன் பிடிக்கிறார்கள். படகுக்குப் பெயர் கபாயீத்தோ, அதாவது சின்னக் குதிரை. இரண்டு பக்கமும் கால் போட்டுக் குதிரை ஏறுவதுபோல் உட்காருவதால் அந்தப் பெயர். கட்டும் புல் தொத்தோரா. நாம் இதை ‘நாணல் படகு’ என்று எழுதுகிறோம், ஆனால் தொத்தோரா நாணல் இல்லை. பாய் நெய்கிற நம் கோரையின் குடும்பம். நம் ஊர் வயல்வரப்புக் கோரையை ஆள் உயரத்துக்கும் மேலே வளரவிட்டு, விரல் கனம் ஆக்கினால் எப்படியிருக்குமோ அப்படியிருக்கும். வரலாற்றை நான் தொடப்போவதில்லை. போக வழி மட்டும்.

1. கடலா, ஏரியா? முதலில் அதை முடிவு செய்யுங்கள்

பெருவில் தொத்தோராப் படகு இரண்டு இடத்தில் பிரபலம். ஒன்று வான்சாக்கோ, கடல். இன்னொன்று டிட்டிகாக்கா ஏரி, கடல் மட்டத்திலிருந்து 3,812 மீட்டர் உயரம். படம் பார்த்துவிட்டு இரண்டையும் ஒன்றாக நினைத்து டிக்கெட் போட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன். இரண்டுக்கும் நடுவே ஒரு நாட்டையே கடக்க வேண்டும். மீன்பிடிப் படகும் அலையும்தான் வேண்டுமென்றால் வான்சாக்கோ மட்டும் போதும். பத்து நாள் இருந்தால் தாராளம். இரண்டும் வேண்டுமென்றால் பதினாறு நாளுக்குக் குறைந்து போகாதீர்கள்.

ஒரு பெயர்க் குழப்பம்: வரைபடத்தில் ஊர்ப்பெயர் ‘எச்’ எழுத்தில் தொடங்கும். ஸ்பானிஷில் அந்த எழுத்துக்குச் சத்தம் கிடையாது. ‘ஹுவான்சாக்கோ’ என்று நான் கேட்டபோது பஸ் நடத்துநர் விழித்தார். ‘வான்சாக்கோ’ என்றதும் ஏற்றிக்கொண்டார்.

2. விசா: ஆறு மாதக் கணக்கு

இந்தியப் பாஸ்போர்ட்டுக்குப் பெரு விசா வேண்டும். ஆனால் அமெரிக்கா, பிரிட்டன், கனடா, ஆஸ்திரேலியா அல்லது ஷெங்கன் (பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான) விசா கையில் இருந்தால் சுற்றுலாவுக்குத் தனி விசா தேவையில்லை. எல்லோரும் இந்த வரியோடு படிப்பதை நிறுத்திவிடுகிறார்கள். அடுத்த வரிதான் முக்கியம்: பெருவுக்குள் நுழையும் நாளில் அந்த விசாவுக்குக் குறைந்தது ஆறு மாதம் உயிர் இருக்க வேண்டும்.

என் அமெரிக்க விசாவில் இருந்தது ஐந்து மாதமும் சொச்சமும். டிக்கெட் போட்டுக் கொடுத்த ஏஜென்ட், ‘அதெல்லாம் யாரும் பார்க்க மாட்டாங்க சார்’ என்றார். பார்ப்பார்கள், அதுவும் பெருவில் இல்லை, சென்னை விமான நிலைய செக்-இன் கவுன்டரிலேயே. நல்லவேளை, கிளம்ப இரண்டு வாரம் இருக்கும்போது ஏதோ சந்தேகத்தில் விதியை முழுதாகப் படித்தேன். டிக்கெட்டைத் தள்ளிப்போட்டதில் 38,000 ரூபாய் போனது. ஏஜென்ட் அதற்குப் பிறகு போனை எடுக்கவில்லை.

விசா எடுத்தே ஆக வேண்டியவர்கள் புது டெல்லியில் உள்ள பெரு தூதரகத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும். நான் கொடுத்தவை இவை:

ஆறு மாதத்துக்கு மேல் செல்லுபடியாகும் பாஸ்போர்ட்டும் முதல், கடைசிப் பக்கங்களின் நகலும். விண்ணப்பப் படிவம், புகைப்படம். ஆறு மாத வங்கிக் கணக்கு அறிக்கை, வங்கி முத்திரையோடு. வருமான வரிக் கணக்கு நகல். வேலை செய்யும் இடத்திலிருந்து விடுப்புக் கடிதம். போக வர விமான முன்பதிவு, தங்குமிட முன்பதிவு, பயணக் காப்பீடு. இவற்றோடு எங்கே, எத்தனை நாள், எதற்கு என்று ஒரு பக்கக் கடிதம்.

அந்தக் கடிதத்தில் ‘சுற்றுலா’ என்று ஒற்றை வார்த்தையில் முடித்துவிடாதீர்கள். மீன்பிடிப் படகு பார்க்கப் போகிறேன் என்று எழுதியதற்கு, என்னைத் தொழில் விஷயமாகப் போகிறவனா என்று கேட்டார்கள். ஊர் ஊராகத் தேதி போட்டுத் திருப்பி எழுதிக் கொடுத்த பிறகுதான் நகர்ந்தது. விசாக் கட்டணத்தைவிட டெல்லிக்குப் போய்வந்த செலவும் தங்கிய செலவும்தான் எனக்கு அதிகம். பயணத் தேதிக்கு இரண்டு மாதம் முன்பே தொடங்குங்கள். விசா கைக்கு வரும்வரை, ரத்து செய்தால் பணம் திரும்பாத டிக்கெட் வாங்கவே வாங்காதீர்கள்.

இந்த விதிகள் மாறக்கூடியவை. கிளம்பும் மாதத்தில் தூதரகத்தின் தளத்தையே ஒருமுறை பாருங்கள். என்னையும் நம்ப வேண்டாம், ஏஜென்ட்டையும் நம்ப வேண்டாம்.

3. மஞ்சள் காய்ச்சல் ஊசி: இது திரும்பி வருவதற்கு

வான்சாக்கோ கடற்கரையில் மஞ்சள் காய்ச்சல் பயம் இல்லை, நான் ஏன் ஊசி போட வேண்டும் என்று நினைக்காதீர்கள். இந்திய அரசின் பட்டியலில் பெரு முழு நாடாக இருக்கிறது. அங்கிருந்து வருகிறவரிடம் செல்லுபடியாகும் மஞ்சள் அட்டை, அதாவது ஊசி போட்டதற்கான சான்று, இல்லையென்றால், இந்தியாவில் இறங்கியதும் ஆறு நாள்வரை தனிமைப்படுத்தலாம்.

சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டிலும் துறைமுகச் சுகாதார அலுவலகத்திலும் போடுகிறார்கள். தினமும் கிடைக்காது. ஒரு குப்பியை உடைத்தால் பல பேருக்குப் போட வேண்டும் என்பதால் கிழமையும் நேரமும் குறித்துத்தான் போடுவார்கள். முன்பே விசாரித்து, பாஸ்போர்ட்டை எடுத்துக்கொண்டு போங்கள். ஊசி போட்ட பத்தாம் நாளிலிருந்துதான் அட்டை செல்லும். ஆகவே கடைசி வாரத்துக்கு வைக்காதீர்கள். ஒருமுறை போட்டால் ஆயுளுக்கும் போதும். முட்டை ஒவ்வாமை உள்ளவர்கள், கர்ப்பிணிகள், அறுபது தாண்டியவர்கள் முதலில் மருத்துவரிடம் கேட்க வேண்டும்.

அட்டையில் உள்ள பாஸ்போர்ட் எண் சரியா என்று அங்கேயே நின்று பாருங்கள். என்னுடையதில் ஓர் இலக்கம் மாறியிருந்தது. வீட்டுக்கு வந்து கவனித்து, மறுபடி ஒரு அரை நாள் போனது.

4. டிக்கெட்டும் டிரான்சிட்டும்

சென்னையிலிருந்து பெருவின் தலைநகர் லிமாவுக்கு நேரடி விமானம் இல்லை. காத்திருப்பையும் சேர்த்தால் முப்பது மணி நேரத்துக்கு மேல் ஆகிறது. நான் கொடுத்தது போக வர 1,62,000 ரூபாய்.

அமெரிக்கா வழியாகப் போனால், விமான நிலையத்தை விட்டு வெளியே போகாவிட்டாலும் அமெரிக்க விசா வேண்டும். ஐரோப்பா வழியாகப் போனால் சில நாடுகள் இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு விமான நிலைய டிரான்சிட் விசா கேட்கும், சில கேட்காது. மலிவான டிக்கெட் கண்ணில் பட்டதும் முதலில் எந்த ஊரில் மாறுகிறோம் என்று பாருங்கள், விலையை அப்புறம் பார்க்கலாம். இரண்டு தனித்தனி டிக்கெட்டாக வாங்கினால் நடுவில் பெட்டியை எடுத்து மறுபடி போட வேண்டி வரும். அதற்கு அந்த நாட்டுக்குள் நுழைய வேண்டும், நுழைய விசா வேண்டும். ஒரே டிக்கெட்டாக வாங்குவது நல்லது.

5. எந்த மாதம்?

டிசம்பர் முதல் மார்ச் வரை அங்கே கோடை. வெயில் இருக்கும், கூட்டமும் இருக்கும். ஜூன் முதல் செப்டம்பர் வரை வானம் சாம்பல் நிறத்தில் மூடியே கிடக்கும், காருவா என்கிற பனித்தூறல் வேறு. படம் எடுக்கப் போகிறவர்களுக்கு அது ஏமாற்றம். ஆனால் ஜூன் 29 புனித பேதுருவின் திருநாள். மீனவர்களின் காவலர் அல்லவா, சுரூபத்தைப் பெரிய தொத்தோராப் படகில் ஏற்றிக் கடலில் கொண்டுபோவார்கள். நாகப்பட்டினம் பக்கத்தில் பிறந்த எனக்கு அந்தக் கூட்டமும் கொடியும் அந்நியமாகவே தெரியவில்லை. அதைப் பார்க்க விரும்பினால் அறையை இரண்டு மாதம் முன்பே பிடியுங்கள்.

வெப்பமண்டலக் கடல்தானே என்று நினைத்துவிடாதீர்கள். தெற்கிலிருந்து வரும் ஹம்போல்ட் நீரோட்டம் தண்ணீரைச் சில்லிட வைக்கிறது. கோடையிலும் நம் வங்காள விரிகுடாவின் வெதுவெதுப்பு இருக்காது. முழங்கால்வரை இறங்கிய இரண்டாம் நிமிடம் எனக்குப் பாதம் மரத்தது.

இன்னொன்று: கடல் பொங்கும் நாட்களில் துறைமுகங்களை மூடிவிடுவார்கள். அன்று எந்த மீனவரும் இறங்க மாட்டார். ஒரே ஒரு நாள் ஒதுக்கிப் போனால் வெறும் கரையைப் பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டியதுதான். குறைந்தது நான்கு இரவு தங்குங்கள்.

6. லிமாவிலிருந்து வான்சாக்கோ

விமானத்தில் ஒரு மணி நேரம் சொச்சம். பஸ்ஸில் எட்டொன்பது மணி நேரம், சுமார் 560 கிலோமீட்டர். இரவு பஸ் வசதியானது, படுக்கை போல் சாயும் இருக்கை.

விமானத்தில் போகிறவர்கள் ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். ட்ருஹீயோ விமான நிலையம் இருப்பதே வான்சாக்கோ பக்கத்தில்தான். டாக்ஸியில் பத்துப் பதினைந்து நிமிடம். இது தெரியாமல் நான் முதலில் ட்ருஹீயோ நகரத்துக்குப் போய், அங்கிருந்து வந்த வழியே திரும்பினேன். பஸ்ஸில் போனால் நகரத்தில் இறங்கி, ‘கொம்பி’ என்கிற வேன் பிடித்து ஏறக்குறைய 13 கிலோமீட்டர் வர வேண்டும். இரண்டு மூன்று சோல்தான் கட்டணம். நான் போனபோது ஒரு சோல் ஏறக்குறைய 24 ரூபாய். வழியில் சான் சான் மண்கோட்டை வரும், யுனெஸ்கோ பட்டியலில் உள்ளது. அரை நாள் ஒதுக்கலாம்.

டாலர் கொண்டுபோனால் கிழிசல், பேனாக் கீறல், கசங்கல் இல்லாத நோட்டாக எடுத்துப் போங்கள். ஓரத்தில் மயிரிழை கிழிந்த ஐம்பது டாலர் நோட்டை நான்கு இடத்தில் திருப்பிக் கொடுத்தார்கள். விடுதியில் பாஸ்போர்ட்டைக் காட்டி வெளிநாட்டவர் என்று பதியச் சொல்லுங்கள். அறை வாடகைமேல் உள்ள விற்பனை வரி உங்களுக்குக் கிடையாது. அவர்களாகச் சொல்வார்கள் என்று காத்திருக்க வேண்டாம்.

7. படகு கட்டுவதைப் பார்ப்பது

பெரும்பாலானவர்கள் கரையில் நிமிர்த்தி வைத்த படகுகளுக்கு முன்னால் படம் எடுத்துக்கொண்டு போய்விடுகிறார்கள். நீங்கள் கரையோரமாக வடக்கே நடங்கள். ஊர் முடிகிற இடத்தில் மணலைத் தோண்டிய பள்ளங்கள் வரிசையாக இருக்கும். நிலத்தடி நீர் ஊறி நிற்கும் குட்டைகள் அவை. அங்கேதான் தொத்தோரா வளர்க்கிறார்கள். மீனவரே விவசாயி, விவசாயியே தச்சர். கடலரிப்பு இந்தப் பள்ளங்களைத் தின்றுகொண்டு வருகிறது. தெற்கே சலாவெர்ரி துறைமுகத்தின் அலைத்தடுப்புச் சுவரைத்தான் ஊர் குற்றம் சொல்கிறது. தூண்டில் வளைவும் துறைமுகச் சுவரும் பக்கத்து ஊர் மணலை என்ன செய்யும் என்று நம் கடற்கரைக்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

வேலி இல்லையே என்று பள்ளத்துக்குள் இறங்காதீர்கள். ஒவ்வொன்றுக்கும் சொந்தக்காரக் குடும்பம் உண்டு. எட்ட நின்று வணக்கம் சொல்லுங்கள். வயதானவரை ‘தோன்’ என்று முன்னால் சேர்த்துக் கூப்பிட வேண்டும், நாம் ‘ஐயா’ என்பதுபோல.

அறுத்த புல்லை மணலில் பரப்பி இரண்டு மூன்று வாரம் காயவைக்கிறார்கள். பச்சை போய் வைக்கோல் நிறம் வந்த பிறகுதான் கட்டு. நான் பார்த்தவருக்கு அறுபது வயதிருக்கும். புல்லை நீளம் பார்த்து அடுக்கி, பெரிய கட்டு இரண்டு, சின்னக் கட்டு இரண்டு செய்தார். பெரியது தாய், சின்னது பிள்ளை. தாயோடு பிள்ளையைச் சேர்த்து ஒரு பாதி, அதேபோல் இன்னொரு பாதி, பிறகு இரண்டையும் சேர்த்து ஒரே படகு. கயிற்றை இழுக்கும்போது குதிகாலைக் கட்டின்மேல் ஊன்றி, உடம்பை முழுக்கப் பின்னால் சாய்த்தார். ஒவ்வொரு இழுப்புக்கும் காய்ந்த புல் நொறுநொறுவென்று முனகியது. முனையை ஒடுக்கி மேலே வளைத்தார், பின்பக்கத்தை நேராக வெட்டிவிட்டார். வலையும் மீனும் வைக்கப் பின்னால் ஒரு குழி. நான் கடிகாரம் பார்த்தேன், ஒன்றேகால் மணி நேரம்.

ஐந்து மீட்டருக்குக் கொஞ்சம் குறைவான நீளம், காய்ந்த நிலையில் நாற்பது ஐம்பது கிலோ. ஒரே ஆள் தோளில் தூக்கிப் போகிறார். தினமும் கடலுக்குப் போனால் ஒரு மாதம் போல உழைக்கும், அதற்குள் தண்ணீர் ஊறிக் கனத்துவிடும். வந்ததும் நிமிர்த்தி வைப்பது அழகுக்கு இல்லை, நீர் வடியத்தான். எங்கள் தாத்தாவும் கட்டுமரத்தைக் கரையேற்றிக் கட்டவிழ்த்து மரம் மரமாகக் காயப்போடுவார். காரணம் அதேதான்.

படகு கட்டுவதைப் பார்க்க நான் கொடுத்தது 40 சோல். அவர் கேட்கவில்லை, விடுதிக்காரர் சொல்லிக் கொடுத்தேன். ‘கட்டக் கற்றுத் தருகிறேன்’ என்று கரையில் கூப்பிடுகிறவர்களிடம் மட்டும் கவனம். அது கைநீளப் பொம்மைப் படகாக இருக்கலாம். என்ன அளவு, எத்தனை மணி நேரம் என்று முதலிலேயே கேளுங்கள்.

8. கடலில் ஏறுவது

மீனவர்கள் விடியற்காலையில் வலை போடப் போவார்கள். அந்தப் பயணத்தில் உங்களை ஏற்ற மாட்டார்கள், கேட்கவும் வேண்டாம். ஒரு ஆளும் வலையும் மீனும்தான் அந்தப் படகின் கணக்கு. அவர்கள் திரும்பிய பிறகு, காலை எட்டு ஒன்பது மணிக்குப் பேசுங்கள். என்னிடம் முதலில் 50 சோல் சொன்னார்கள், 30க்கு முடிந்தது. எத்தனை நிமிடம், அலையைத் தாண்டிப் போவதா, கரையோரம் மட்டுமா என்று சேர்த்துப் பேசிவிடுங்கள். நான் பேசாமல் விட்டதால் முதல் நாள் இடுப்பளவு ஆழத்தில் ஒரு வட்டம் அடித்து இறக்கிவிட்டார்கள்.

அலைச்சறுக்குப் பள்ளிகள் கரை நெடுக இருக்கின்றன. வெட்சூட், அதாவது உடம்போடு ஒட்டும் ரப்பர் நீச்சல் உடை, வாடகைக்குக் கிடைக்கும். முழுக்கால் வைத்ததையே கேளுங்கள். குளிருக்கு மட்டுமில்லை, ஈரமான தொத்தோரா உள்தொடையை அரத்தால் ராவுவதுபோல் ராவிவிடும். அரைக்கால் சட்டையோடு ஏறி, மூன்று நாள் காலை அகட்டி நடந்தவன் சொல்கிறேன். நீச்சல் தெரிந்தாலும் லைஃப் ஜாக்கெட் கேட்டு வாங்குங்கள். படகில் இருக்காது.

துடுப்பு என்பது நீளமான மூங்கிலை நெட்டுவாக்கில் பிளந்த பாதி, அவ்வளவுதான். நடுவில் பிடித்து, இடம் வலம் மாற்றி மாற்றிப் போட வேண்டும். பிளந்த விளிம்பு கையை அறுக்கும், வெளிப்பக்கத்தைப் பிடியுங்கள். நீங்கள் பின்பக்கமாக உட்கார வேண்டும். பயத்தில் உடம்பு தானாக முன்னால் போகும். போனால் மூக்கு தண்ணீருக்குள் குத்திவிடும்.

வெளியே போகும்போது அலை வளைந்த முனையில் மோதி இரண்டாகப் பிரிந்து தொடைக்கு இருபுறமும் ஓடும். அது சுகம். திரும்புவதுதான் கஷ்டம். பின்னால் வரும் அலையைப் பார்த்து, அது தூக்கும் நேரத்தில் நாலு துடுப்பு வேகமாகப் போட்டால் படகு அலையின் முதுகில் ஏறி வழுக்கிக்கொண்டு கரைக்கு வரும். கூட வந்தவர் எழுந்து நின்றே ஓட்டினார். நான் இரண்டு கையாலும் கயிற்றைப் பிடித்துக்கொண்டிருந்தேன். கவிழ்ந்தால் படகுக்கும் கரைக்கும் நடுவே நிற்காதீர்கள். தண்ணீர் ஊறிய படகு அடுத்த அலையோடு வந்து இடுப்பில் மோதும்.

9. டிட்டிகாக்காவும் வேண்டுமென்றால்

லிமாவிலிருந்து ஹூலியாக்காவுக்குப் பறந்து, அங்கிருந்து ஏரிக்கரை ஊரான புனோவுக்கு வேனில் போகலாம். கடல் மட்டத்திலிருந்து நேராக 3,800 மீட்டருக்குப் போனால் தலை பிளக்கும், தூக்கம் வராது. நடுவில் அரெகிப்பாவில் இரண்டு இரவு தங்குங்கள், அது 2,300 மீட்டர் சொச்சம். புனோவில் முதல் நாள் படிக்கட்டு ஏறாமல் படுத்துக்கிடங்கள்.

உரோஸ் மக்களின் மிதக்கும் தீவுகள் பார்க்க வேண்டியவைதான். தீவும் தொத்தோரா, வீடும் தொத்தோரா, தண்டின் வெள்ளை அடிப்பகுதியை உரித்துத் தின்னவும் கொடுப்பார்கள். ஆனால் யாளித்தலை வைத்த பெரிய சுற்றுலாப் படகுகள் பலவற்றின் வயிற்றில் இருப்பது பிளாஸ்டிக் பாட்டில்கள், மேலே மட்டும்தான் புல். அதன்மேல் எனக்குக் கோபமில்லை. அடிக்கடி புதிதாகக் கட்ட யாருக்கு நேரம்? கலப்பில்லாத வேலை பார்க்க வேண்டுமென்றால் பொலிவியப் பக்கம் வட்டாஹாட்டா ஊருக்குப் போகலாம். 1970இல் நார்வே நாட்டு ஆய்வாளர் தோர் ஹெயர்டாலுக்காக மொராக்கோ போய், அட்லாண்டிக்கை 57 நாளில் கடந்த பப்பைரஸ் கோரைப் படகு ‘ரா 2’ஐக் கட்டிக் கொடுத்தவர்கள் இந்த ஏரிக்காரர்கள்தான். பொலிவியாவுக்குத் தனி விசா வேண்டும், அதை இந்தியாவிலிருந்தே முடித்துக்கொண்டு போங்கள்.

10. திரும்பி வருவது

மொத்தச் செலவு எனக்கு, டிக்கெட் தள்ளிப்போட்ட தண்டத்தைச் சேர்க்காமல், பதினாறு நாளுக்கு 2,70,000 ரூபாய். வான்சாக்கோவில் ஒரு நாள் தங்க, சாப்பிட நான்காயிரத்துக்குள் அடங்கியது. சைவக்காரர்களுக்குச் சோறு, பீன்ஸ், முட்டை, மறுபடியும் சோறு.

பொம்மைப் படகு வாங்கினால், காய்ந்த புல் என்பதால் சுங்கத்தில் கேள்வி வரலாம் என்று எண்ணியே வாங்குங்கள். தண்டுக்குள் பூச்சி, மண் இல்லாமல் பார்த்து, கேட்டால் எடுத்துக் காட்டும்படி கைப்பையில் வையுங்கள். மறைக்க வேண்டாம்.

மஞ்சள் அட்டையைப் பெட்டிக்குள் போட்டுவிடாதீர்கள். சுகாதாரக் கவுன்டர் பெட்டி வரும் இடத்துக்கு முன்னாலேயே வந்துவிடும். எனக்கு முன்னால் நின்றவர் ‘அட்டை லக்கேஜில் இருக்கு’ என்றார். அவரைத் தனியாக உட்கார வைத்துவிட்டு என் அட்டையை வாங்கிப் பார்த்தார்கள், பாஸ்போர்ட் எண்ணை ஒவ்வோர் இலக்கமாக.